சீட்டு எழுதாத முட்டை

“அம்மா, உள்ள இருக்கிற குட்டி இன்னும் காத்துக்கிட்டு இருக்கா?”

மகளுக்கு அப்போது ஆறு வயது. அருங்காட்சியகத்தின் பின்பக்கம், புதைபடிவங்களைச் சுத்தம் செய்யும் அறையில், உயரமான முக்காலியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே கேட்டாள். மேசைமேல் மணல் நிரப்பிய தட்டில் ஒரு டைனோசர் முட்டை இருந்தது. அம்மா அதன் மேல் ஒட்டியிருந்த மண்ணை ஊசியால் துகள் துகளாக எடுத்துக்கொண்டிருந்தாள்.

“இல்லடா கண்ணு. அது கல்லாயிடுச்சு.”

“கல்லாயிட்டா காத்துக்கிட்டு இருக்க முடியாதா?”

அம்மா ஊசியைத் துடைத்துவிட்டு அடுத்த துகளை எடுத்தாள். குழந்தைகள் கேட்கும் சில கேள்விகளை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். கேட்கப்பட்டவர்களால்தான் மறக்க முடிவதில்லை.

அந்த அம்மாவை அருங்காட்சியகத்தில் எல்லோரும் ஊசியம்மா என்றுதான் அழைத்தார்கள். இருபத்திரண்டு வருடம் கழித்து, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பெயர் நிலைத்தது. புதைபடிவம் வாங்க நினைப்பவர்கள் முதலில் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவள் உருப்பெருக்கியைக் கண்ணில் வைத்துப் பார்த்து, நிஜம் என்று எழுதிக் கொடுத்தால் பணம் கைமாறும். உதட்டைப் பிதுக்கினால் வந்தவர்கள் எழுந்துவிடுவார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை வண்டி அண்ணன் போன் செய்தார். அருங்காட்சியகத்தின் நடமாடும் கண்காட்சி வண்டியை முப்பது வருடம் ஓட்டியவர் அவர். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய், பிள்ளைகளின் கையில் கல்லையும் கிளிஞ்சலையும் கொடுத்து, தொட்டுப் பார்க்கச் சொல்வார். ஓய்வு பெற்றதும் பழைய வேன் ஒன்றைச் சொந்தமாக வாங்கி அதே வேலையைத் தொடர்ந்தார்.

“தங்கச்சி, ஒரு முட்டையைப் பாத்துச் சொல்லணும்.”

“எந்தக் கோழி போட்டதுண்ணே?”

“ஏழு கோடி வருஷத்துக்கு முன்னாடி செத்துப்போன கோழி.” அவரே சிரித்தார். “எந்தப் பள்ளிக்கூடம் போனாலும் பசங்க முட்டை இருக்கா, முட்டை இருக்கான்னுதான் கேக்கறாங்க. வீடு கட்ட வெச்சிருந்த மனையை வித்துட்டேன்மா. இதுல போட்டுடலாம்னு இருக்கேன்.”

“அண்ணி ஒத்துக்கிட்டாங்களா?”

“அவளா? ‘வாங்க, முட்டைக்குள்ளயே குடித்தனம் பண்ணலாம்’னு ஒரு வாரமா குத்திக் காட்டறா. ஆனா வேண்டாம்னு சொல்லல.”

ஊசியம்மாவும் சிரித்தாள். அடுத்து அவர் சொன்னதைக் கேட்டதும் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

“விக்கிறவரே உன் பேரைத்தான் சொன்னாரு. ‘ஊசியம்மாவைக் கூட்டிட்டு வாங்க, அவங்க சொன்னா எனக்கு வேதவாக்கு’ன்னாரு.”

அவளுடைய இத்தனை வருட அனுபவத்தில் விற்பவர்கள் அவள் பெயரைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். தானாக அவளைக் கூப்பிட்ட ஒருவரையும் அவள் கண்டதில்லை. உருப்பெருக்கி, கைவிளக்கு, புற ஊதா விளக்கு, சின்னத் தராசு எல்லாவற்றையும் பையில் எடுத்து வைத்தாள்.

*

கட்டடத்தில் லிஃப்ட் வேலை செய்யவில்லை. மூன்று மாடி ஏறினார்கள். ஒவ்வொரு மாடியிலும் கதவுகள் மூடியிருந்தன. எந்த வீட்டிலும் பேச்சுச் சத்தமோ பாத்திரச் சத்தமோ கேட்கவில்லை. மூன்றாவது மாடியில் வார்னிஷ் வாசனை அடித்தது. மணியை அழுத்த அண்ணன் கையைத் தூக்குவதற்குள் கதவு திறந்தது.

“வாங்க, வாங்க. மூச்சு வாங்குது பாருங்க. முதல்ல உக்காருங்க.”

கதவைத் திறந்தவரின் முடி முழுக்க நரைத்திருந்தது. குரல் மட்டும் அப்படியே இருந்தது. தொழிலில் இருப்பவர்கள் அந்த மனிதருக்குச் சர்க்கரை என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர் யாரிடமும் குரலை உயர்த்திப் பேசியதில்லை. அவரிடம் வாங்கியவர்களில் பலர் பிறகு யாரிடமும் அதைப் பற்றிப் பேசியதும் இல்லை.

“மேடத்தை இப்பதான் முதல் தடவையா பாக்கறேன்,” என்று சர்க்கரை கைகூப்பினார். “பேரை மட்டும் நிறைய கேட்டிருக்கேன்.”

அது பொய் என்று ஊசியம்மாவுக்குத் தெரியும். அவள் பதிலுக்குக் கைகூப்பினாள். வாயைத் திறக்கவில்லை. அப்படி வாய் திறக்காமல் இருந்ததும் ஒரு பொய்தான் என்பது அவளுக்கு உறைத்தது.

மதியம் மூன்று மணிக்கே அறையில் திரைச்சீலைகள் இழுத்து மூடியிருந்தன. சுவர் முழுக்கப் பாடம் செய்த பறவைகள். அவற்றின் கண்ணாடிக் கண்கள் எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் அவளையே பார்த்தன. நடுவில் ஒரு மேசை. அதன்மேல் கறுப்புத் துணி போர்த்தி ஏதோ ஒன்று, தூங்குகிற குழந்தையைப்போல.

சர்க்கரை துணியை விலக்கினார்.

உரித்த தேங்காயைவிடப் பெரிய, பழுப்பு நிற முட்டை. அண்ணன் வாய் பிளந்து நின்றார். அறுபத்திரண்டு வயது மனிதரின் முகத்தில் இரண்டாம் வகுப்புப் பையன் எட்டிப் பார்த்தான்.

“உள்ள குட்டி இருக்கு,” என்று சர்க்கரை மெதுவாகச் சொன்னார். “அதனாலதான் இந்த விலை.”

“ஸ்கேன் எடுத்தீங்களா?” என்று ஊசியம்மா கேட்டாள். அந்த அறையில் அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

“கூடாது மேடம். எக்ஸ்ரே பட்டா உள்ள இருக்கிறது பாழாயிடும்.”

கல்லை எக்ஸ்ரே ஒன்றும் செய்யாது. அது அவளுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். எதைச் செய்ய வேண்டாம் என்கிறார்களோ அதைத்தான் முதலில் செய்ய வேண்டும் என்பது அவள் பலருக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். அண்ணன் மட்டும், “ஐயோ, அப்ப வேண்டாம் சார்,” என்றார்.

அவள் வேலையைத் தொடங்கினாள். எடை போட்டாள். ஓட்டின் மேலிருந்த சின்னச் சின்னப் புடைப்புகளை உருப்பெருக்கியில் பார்த்தாள். வலது பக்கம் அழகான நிஜம். மண்ணின் பாரம் அழுத்தி ஓடு நொறுங்கி, ஒரு சில்லின் விளிம்பு இன்னொன்றின் அடியில் நுழைந்திருந்தது. இயற்கை உடைத்தால் அப்படித்தான் உடைக்கும், ஒழுங்கில்லாமல். விரிசலுக்குள் இருந்த மண்ணும் இடத்துக்கு இடம் நிறம் மாறியது.

முட்டையைத் திருப்பினாள். இடது பக்கத்தில் சில்லுகள் தளம் பாவியதுபோல் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. விரிசல்களில் எங்கும் ஒரே நிற மண். ஊதா விளக்கை அடித்தாள். சாதாரணப் பசையாக இருந்தால் அந்த வெளிச்சத்தில் பால் வெள்ளையாக மின்னும். இங்கே ஒன்றும் மின்னவில்லை.

“சுத்தமா இருக்குல்ல?” என்றார் சர்க்கரை.

பசையில் விளக்குப் புகைக் கரியைக் கலந்தால் மின்னாது. அந்த வித்தை தெரிந்தவர்கள் இந்தத் தொழிலில் இரண்டு பேரோ மூன்று பேரோதான். அவர்களில் ஒருத்தி அந்த மேசையின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

அவள் கைவிளக்கை மேசையோடு ஒட்டப் படுக்கவைத்தாள். முட்டையைச் சற்றே தூக்கி, அடிப்பகுதியில் பக்கவாட்டு வெளிச்சம் விழும்படி பிடித்தாள். யாரும் பார்க்காத இடம் அது. முட்டை எப்போதும் அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கும். உருப்பெருக்கியைக் கிட்டே கொண்டுபோனாள்.

கோடுகள் தெரிந்தன. சுழி போட்டு ஓடிய மெல்லிய கோடுகள். குறுக்கே சாய்வாக ஒரு வெட்டுத் தழும்பு.

ஏழு கோடி வருட முட்டையின் அடியில் அவளுடைய கட்டைவிரல் ரேகை காத்துக்கொண்டிருந்தது.

*

சர்க்கரையின் போன் ஒலிக்கவில்லை. ஆனால் அவர் அதை எடுத்துக் காதில் வைத்து, “அப்படியா?” என்றார். “சார், உங்க வேன் கேட்டை மறிச்சுக்கிட்டு நிக்குதாம். வாட்ச்மேன் சத்தம் போடறான். கொஞ்சம் பாத்துட்டு வந்துடறீங்களா?”

அண்ணன் படியிறங்கிப் போனார். அவருடைய செருப்புச் சத்தம் தேய்ந்து மறையும்வரை சர்க்கரை காத்திருந்தார்.

“பாப்பா நல்லா இருக்காளா மேடம்?”

ஊசியம்மா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“கல்யாணம் ஆகி, ஒரு பையன்கூட இருக்கானாமே. சந்தோஷம். அவ விடற மூச்சு இந்த முட்டை குடுத்தது. மறந்துடக் கூடாது.”

“அண்ணனுக்கு இதை விக்காதீங்க,” என்றாள். “அவர்கிட்ட வேற ஒண்ணும் இல்ல.”

“இத்தனை வருஷத்துல நாலு பேர் வந்தாங்க. நாலு பேரும் ஸ்கேன் கேட்டாங்க. ஸ்கேன் கேக்காத ஆளுக்கு நான் எங்க போவேன், சொல்லுங்க? இவர் ஸ்கேனுக்குப் பதிலா உங்களை நம்பறார்.” சர்க்கரை முட்டையைத் துணியால் வாஞ்சையாகத் துடைத்தார். “இது உங்க கைன்னு நீங்க வாயத் திறந்தா, இதுவரைக்கும் நிஜம்னு நீங்க எழுதிக் குடுத்த அத்தனையும் பொய்யாயிடும். யோசிச்சுக்குங்க. ஒரு கையெழுத்துதானே கேக்கறேன்.”

அவர் குரலில் கோபம் துளியும் இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

அருங்காட்சியகத்தில் இரண்டு விதிகள் உண்டு. உடைந்த இடத்தை நிரப்பினால், நிரப்பியது அசலைவிட ஒரு மயிரிழை பள்ளமாக இருக்க வேண்டும். தூரத்தில் மறையலாம், கிட்டே வந்தால் தெரிய வேண்டும். இரண்டாவது, எந்தப் பொருளானாலும் அதோடு ஒரு சீட்டு போக வேண்டும். அசல் எவ்வளவு, நிரப்பியது எவ்வளவு, நிரப்பியவர் யார். ‘கட்டின பல்லைக் கட்டின பல்லுன்னு சொல்லிட்டா தைரியமா சிரிக்கலாம்மா’ என்பார் அவளுடைய பழைய மேலதிகாரி. அவள் வாழ்நாளில் ஆயிரக்கணக்கான சீட்டுகள் எழுதியிருக்கிறாள். ஒரே ஒரு முட்டைக்கு மட்டும் எழுதவில்லை.

மகளுக்கு ஏழு வயதானபோது நுரையீரலில் சீழ் கட்டியது. மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்தின் விலை அவளுடைய நான்கு மாதச் சம்பளம். கணவன் பிரிந்து போயிருந்தான். அப்போது சர்க்கரை வந்தார். கையில் பாதி முட்டை, ஒரு டப்பா நிறைய வேறு முட்டைகளின் ஓட்டுச் சில்லுகள். மூன்று நாள் வேலை. சீட்டு வேண்டாம் என்றார். அவசரத்தில், கையுறைகூட இல்லாமல், பிளாஸ்டரை உருட்டி, சில்லுகளைப் பதித்து, கடைசியாக அடிப்பகுதியைக் கட்டைவிரலால் அழுத்தி மூடினாள்.

அந்த மூன்று நாளும் மருத்துவமனையில் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் வண்டி அண்ணன். அவரை யாரும் கூப்பிடவில்லை. விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, ஒரு ஃபிளாஸ்க்கோடு வந்து உட்கார்ந்தார். “நீ போய்ட்டு வா தங்கச்சி, நான் பாத்துக்கறேன்.” அவரிடம் அவள் எங்கே போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள் என்பது இப்போது நினைவுக்கு வந்தது. நினைவுக்கு வராமலே இருந்திருக்கலாம்.

படியில் செருப்புச் சத்தம் ஏறி வந்தது.

“சார், கீழ வாட்ச்மேனே இல்லையே,” என்று மூச்சிரைத்துக்கொண்டு வந்தார் அண்ணன். “வண்டியும் எதையும் மறிக்கல.”

“அப்படியா? யாரோ தப்பா போன் பண்ணிட்டாங்க போல.” சர்க்கரை ஒரு காகிதத்தையும் பேனாவையும் ஊசியம்மாவின் பக்கம் தள்ளினார். காகிதத்தில் எல்லாம் தட்டச்சு செய்து தயாராக இருந்தது. கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தது.

“என்ன தங்கச்சி?” அண்ணனின் குரல் ஆசையில் தழைந்திருந்தது. “உள்ள குட்டி இருக்கா?”

ஆண்டவன் எப்போதும் இடியும் மின்னலுமாய் வந்து கேட்பதில்லை. நம்மை நம்புகிற ஒருவரின் வாயில் ஒரு சின்னக் கேள்வியை வைத்துவிட்டு, பேசாமல் நிற்கிறான்.

“அண்ணே, இங்க வாங்க,” என்றாள். “குனிஞ்சு இந்தக் கண்ணாடியில பாருங்க.”

அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். “கோடு கோடா இருக்கே. குட்டியோட தோலா?”

அவள் தன் வலது கையை நீட்டி, கட்டைவிரலை விளக்கின் கீழே வைத்தாள். உளி பட்ட பழைய தழும்பு ரேகையின் குறுக்கே சாய்வாக ஓடியது. அண்ணன் விரலைப் பார்த்தார். மறுபடியும் கண்ணாடியில் பார்த்தார். திரும்பவும் விரலை. மூன்றாவது தடவைக்குப் பிறகு அவர் நிமிரவே நேரமாயிற்று.

“வலது பக்கம்தான் நிஜம். மீதி நான் செஞ்சது. உள்ள குட்டி இல்ல. பிளாஸ்டர்தான் இருக்கு.”

பறவைகள் எல்லாம் கேட்டுக்கொண்டிருப்பது போலிருந்தது. சர்க்கரை காகிதத்தை இரண்டாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். முட்டையின் மேல் கறுப்புத் துணியை மறுபடியும் போர்த்தினார். சிரிப்பு அவர் முகத்தை விட்டுப் போகவே இல்லை.

“நல்லது மேடம். படி இருட்டா இருக்கும். பாத்து இறங்குங்க.”

*

இருவரும் வேனில் திரும்பினார்கள். பின்னால் பெட்டிகளில் கற்கள் குலுங்கின. ஒரு சிக்னலில் வண்டி நின்றபோது அண்ணன் கேட்டார்.

“எப்ப செஞ்ச?”

“பாப்பா ஆஸ்பத்திரில இருந்தப்ப. நீங்க பக்கத்துல உக்காந்திருந்தீங்களே, அந்த மூணு நாள்.”

“பிரார்த்தனை பண்ணிட்டு வர்றேன்னு சொல்லிட்டுப் போனியே.”

“ஆமாண்ணே.”

பச்சை விளக்கு எரிந்தது. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்த பிறகுதான் அவர் வண்டியை எடுத்தார். அவளுடைய வீட்டு வாசலில் இறக்கிவிட்டார். ‘பாத்துப் போம்மா’ என்று எப்போதும் சொல்வார். அன்று சொல்லவில்லை.

சர்க்கரை சொன்னதைச் செய்தார். யார் யாருக்கோ கடிதம் போயிற்று. ‘ஊசியம்மாவின் கை போலி முட்டையில் இருக்கிறது, அவளே ஒப்புக்கொண்டாள்.’ ஒரு மாதத்துக்குள் அவள் போன் அடிப்பது நின்றது. முன்பு வீடு தேடி வந்தவர்கள் கடைத்தெருவில் எதிர்ப்பட்டால் ஜவுளிக் கடைப் பொம்மையைப் பார்க்கத் தொடங்கினார்கள். பிறகு அருங்காட்சியகத்திலிருந்து விசாரணைக்கு வரச்சொல்லி ஓலை வந்தது.

அன்று காலை அவள் தனியாகப் போனாள். விசாரணை அறைக்கு வெளியே நீண்ட பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு ஃபிளாஸ்க்.

“எவ்வளவு நேரம் ஆகுமோ தெரியல,” என்றார் வண்டி அண்ணன், அவள் முகத்தைப் பார்க்காமல். “டீ கொண்டு வந்தேன். நீ போய்ட்டு வா.”

அவள் உள்ளே போய் எல்லாவற்றையும் சொன்னாள், மூன்று நாளையும், கரி கலந்த பசையையும், எழுதாத சீட்டையும். அவள் எழுதிய பழைய சீட்டுகளையெல்லாம் எடுத்து, பொருளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எதிலும் தவறு இல்லை. ஆனாலும் இனி அவள் கையெழுத்தை ஏற்பதில்லை என்று முடிவு செய்தார்கள். அது நியாயம்தான் என்று அவளுக்குத் தோன்றியது. வெளியே வந்தபோது டீ ஆறிப்போயிருந்தது. இருவரும் குடித்தார்கள்.

“அண்ணி என்ன சொன்னாங்க?” என்று கேட்டாள்.

“மனை வித்த பணத்துல சின்னதா இன்னொரு மனை வாங்கி, ஒரு ரூம் கட்டலாம்னு இருக்கா. கூரைய மட்டும் முட்டை மாதிரி போட்டுடாதீங்கன்னா.”

அவள் சிரித்தாள். பிறகு அழுதாள். அவர் ஃபிளாஸ்க்கின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

*

மழைக்காலம் முடிந்ததும் ஊசியம்மா தன் இரட்டைக் கண் நுண்ணோக்கியை விற்றாள். வீட்டில் விலை போகக்கூடிய பொருள் அது ஒன்றுதான். இறந்துபோன ஆராய்ச்சியாளர் ஒருவரின் குடும்பத்தார் அவருடைய பழைய பெட்டிகளை முறையான காகிதங்களோடு விற்றுக்கொண்டிருந்தார்கள். அங்கே மூலையில், யாருமே திரும்பிப் பார்க்காத ஒரு முட்டை இருந்தது. நசுங்கி, ஒரு பக்கம் உடைந்து, உள்ளே இறுகிய சிவப்பு மண் தெரிந்தது. அழகில்லாதது. முழுக்க நிஜமானது. அவள் கேட்டு வாங்கி, முதல் வேலையாக ஸ்கேன் எடுத்தாள். உள்ளே மண்ணைத் தவிர எதுவும் இல்லை.

ஒரு திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு வண்டி அண்ணனின் வேன் ஒரு பள்ளிக்கூடச் சுவரோரம் நின்றிருந்தது. உள்ளே வகுப்பில் அண்ணனின் குரலும் பிள்ளைகளின் கூச்சலும் கேட்டன. தெருவில் யாரும் இல்லை. பின்சக்கரத்தின் மேல் விளிம்பில் அவர் எப்போதும் சாவி வைக்கும் இடத்தில் சாவி இருந்தது. முப்பது வருடப் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் மாறுமா?

கதவைத் திறந்தாள். கிளிஞ்சல் பெட்டிக்கும் மீன் படிவத்துக்கும் நடுவே, பஞ்சு வைத்த ஒரு மரப்பெட்டியை வைத்தாள். மூடியின் உட்பக்கம் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது.

அசல்: முழுவதும்.
நிரப்பியது: எதுவும் இல்லை.
உள்ளே: மண்.
தொட்டுப் பார்க்கலாம்.

பெயர் எழுதும் இடத்தை அவள் காலியாக விட்டிருந்தாள். கதவைச் சத்தம் வராமல் சாத்தினாள். சாவியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தாள்.